ஆறு ஊசியும் ஒரு பொய் மொட்டையும்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை. வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அப்பாடா என்று காபி டம்ளரோடு கூடத்துக்கு வருகிறேன் — என் மதினி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்!

"என்ன மதினி... எங்க கிளம்பிட்டீங்க?"

"ஊருக்குத்தான். தம்பிட்ட சொல்லி சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லு. மூணு ஊசி போட்டாச்சு, போதும். மிச்ச மூணையும் டாக்டரே போட்டுக்கிடட்டும்."

மதினி என்றால் என் கணவரின் அக்கா. பெயர் செண்பகம். தூத்துக்குடியில் இருக்கிறார். மெட்ராஸ்காரர்கள் நாத்தனார் என்பீர்கள். (அந்தச் சொல்லைப் படித்ததும் சில வாசகிகள் விடும் பெருமூச்சு இங்கே மந்தைவெளி வரைக்கும் கேட்கிறது.)

எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். வருடா வருடம் மே மாதம் மதினி வருவார். பதினைந்து நாள் இருப்பார். சாம்பாரில் புளி ஏறியிருக்கிறது என்பார். கோலத்தில் புள்ளி தவறியிருக்கிறது என்பார். வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, "இதையா அச்சுல போடுதாவ?" என்பார். அவர் ஊருக்குக் கிளம்பும் நாளன்று பெட்டியை நானே அடுக்கிக் கொடுப்பேன். எழும்பூரில் ரயில் கண்ணுக்கு மறையும்வரை நின்று கையாட்டுவேன். அவ்வளவு பாசம்!

அப்படிப்பட்ட நான் அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் அந்த டிரங்குப் பெட்டியின் மூடியைச் சாத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

காரணம் சொல்கிறேன். மதினிக்குக் கேன்சர்.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. இப்போதும் மதினி அனுமதி கொடுத்ததால்தான் எழுதுகிறேன். "எழுதிக்க. ஆனா கேன்சர்னே எழுது. மூடி மறைச்சு எழுதுனேன்னா, அந்தப் பேனாவை வாங்கி ஒடிச்சிருவேன்" என்று ஒரே ஒரு நிபந்தனை.

மார்பில் கட்டி. வைத்தியத்துக்காக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி. ஊசி என்றால் சுருக்கென்று குத்திவிட்டு அனுப்புகிற ஊசி இல்லை. பாட்டிலில் தொங்கவிட்டு, அரை நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. "உள்ளே எங்கேயாவது மிச்சம் ஒளிஞ்சுக்கிட்டிருந்தா அதையும் தேடிப் பிடிக்கிற மருந்து. ஆறும் முடியணும். பாதியில் நிறுத்தினா பட்ட பாடெல்லாம் வீண்" என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்னபோது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் நான்தானே?

அதனால்தான் பெட்டியைவிட்டு இறங்கவில்லை.

"எந்திரி தங்கம்."

"மாட்டேன். வாந்தி தாங்க முடியலையா? டாக்டர்கிட்ட சொல்லி..."

"வாந்தி கெடக்கு. அதுக்காகப் போறேன்னா நினைச்ச? பெருமாளுக்குக் கோவம் வந்துட்டு. அவரு பேரைச் சொல்லிப் பொய் சொன்னோம்லா? அதான் மூணாவது ஊசி இந்தப் பாடு படுத்திட்டு. திருச்செந்தூர் முருகன்னா நமக்குப் பழக்கம், எப்படியாவது பேசிக்கிடலாம். பெருமாள்ட்ட எனக்கு என்ன பழக்கம்? அவரே கைவிட்ட பொறவு ஊசியா காப்பாத்தப் போவுது?"

அந்தப் பொய்யைச் சொன்னது மதினி இல்லை. நான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் உபதேசம் செய்கிறேனே, அதே நான்.

ஒழுங்காக முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஊசி போட்டுக்கொண்டு டாக்ஸியில் திரும்புகிறோம். அடையாறு பாலம் தாண்டுவதற்குள் மதினிக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. என் கையில் இருந்தது ஒரு பழைய டவல் மட்டும். டிரைவர் ரொம்ப நல்லவர், ஓரமாக நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் பதறிப்போனார்.

அவருக்கு அக்கா என்றால் உயிர். ஆஸ்பத்திரி என்றால் மயக்கம். வாசல்வரை வருவார், டெட்டால் வாடை அடித்ததும் திரும்பிவிடுவார். அதனால் தன்னால் முடிந்ததைச் செய்தார். தி.நகரில் எங்கள் உறவினரின் பாத்திரக் கடையில் அவருக்கு வேலை. அக்கா வாந்தி எடுப்பதற்கென்றே, நல்ல கனமான எவர்சில்வர் பேசின் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக் கொண்டுவந்தார். வாங்கித் திருப்பிப் பார்க்கிறேன்... விளிம்பில், புள்ளி புள்ளியாக, முத்து முத்தான எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது. செண்பகம்!

"ஏலே, வாந்தி எடுக்குத ஏனத்துல எவனாவது பேரு வெட்டுவானா?"

"கடையில எது எடுத்தாலும் பேர் வெட்டித்தானேக்கா குடுப்போம்... கை பழகிப் போச்சு..."

மதினி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே வாந்தி எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார். அன்றிலிருந்து அந்தப் பேசின்தான் எங்களோடு டாக்ஸியில் வந்தது.

இரண்டாவது வாரம் நாக்கு போயிற்று. எதைக் கொடுத்தாலும் ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்றார். பாருங்கள், இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் சாம்பார் நன்றாக இல்லாததற்கு நான் பொறுப்பில்லை! சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். திட்டுவாரா பார்க்கலாம் என்று. ஒன்றும் சொல்லாமல் இரண்டு கவளம் விழுங்கிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அடுக்களையில் போய் நின்று அழுதேன். ஒரு மனுஷி நம்மைத் திட்டுவதை நிறுத்திவிட்டால் வீடு இவ்வளவு வெறிச்சென்று ஆகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் கன்னியம்மாளுடையது. ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிறாள். என் வயதுதான் இருக்கும். ஊசியில் எங்களுக்கு சீனியர் — மதினிக்கு முதல் ஊசி ஏறுகிற அன்று அவளுக்கு மூன்றாவது. எனக்கு டாக்டரம்மா பாதி சொல்லிக்கொடுத்தார் என்றால் மீதி கன்னியம்மாள்தான்.

"இன்னாம்மா, வாயெல்லாம் புண்ணா கீதா? ஊசி ஏறச்சொல்லவே ஐஸ் துண்ட வாயில போட்டுக்கினு குந்திக்கணும். அப்பால புண்ணு கம்மியா வரும். நான் எடுத்தாறேன், எங்ககிட்ட இல்லாத ஐஸா?"

சொன்னபடியே அடுத்த தடவை ஒரு தூக்கு நிறைய ஐஸ் கொண்டுவந்தாள். மீன் வாடை அடிக்குமோ என்று நான் யோசிப்பதற்குள் மதினி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தூத்துக்குடிக்காரருக்கு மீன் வாடை என்ன புதுசா?

கன்னியம்மாள் இன்னொன்றும் சொன்னாள். "ரெண்டாவது ஊசிக்கு அப்பால முடி மொத்தமா கொட்டிடும். பயந்துக்காத. எனக்குக் கூடைய எறக்கி வெக்கச்சொல்ல சும்மாட்டோட வந்துடுச்சி. அத்தப் பாத்துட்டு எங்கூட்டுக்காரு அயுதாரு. நான் இன்னா அயறது, மீனு விக்க வேணாமா?" தலையில் ஒரு துணிகூடச் சுற்றாமல், பளபளவென்று உட்கார்ந்து சொன்னாள்.

அவள் சொன்னபடியே நடந்தது.

மதினியின் கூந்தலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கும். அவிழ்த்து உலர்த்தினால் நாற்காலி மறைந்துவிடும். ஐம்பத்துநாலு வயதில் ஒரு நரை கிடையாது என்று அவர் சொல்வார். இரண்டு மூன்று உண்டு, நான் பார்த்திருக்கிறேன். அது தலையணையில், சாப்பாட்டுத் தட்டில், குளியலறை ஜலதாரையில் என்று கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தது. ஒரு நாள் ரத்தப் பரிசோதனைக்காகப் போய், காலையிலிருந்து மாலைவரை ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். வந்ததும் தம்பியின் ஷேவிங் செட்டைக் கேட்டு வாங்கி என் கையில் கொடுத்தார்.

"இந்த அரைகுறை வேண்டாம். எடுத்துரு."

கத்தரித்தேன். வழித்தேன். முடிந்ததும் கையால் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, காத்தோட்டமா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மதினி குளித்துவிட்டு, துண்டைத் தலையில் சுற்றிக்கொள்ளாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். "தங்கம், பேப்பர் வந்துடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு வேதவல்லி மாமி உள்ளே வந்துவிட்டார். மாமிக்குக் கதவைத் தட்டுகிற பழக்கம் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் எல்லோரிடமும் மதினிக்கு வயிற்றில் அல்சர் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். கேன்சர் தொற்றிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த வார்த்தையைச் சொல்லாமல் "அந்த வியாதி" என்று குரலைத் தாழ்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் யார் எத்தனை மாதத்தில் போனார்கள் என்று பட்டியல் படித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து மதினியைக் காப்பாற்றுவதாக என் நினைப்பு.

ஆனால் அல்சருக்கு ஏன் தலைமுடி போக வேண்டும்?

மாமி அப்படியே நின்றுவிட்டார். "என்னடி இது? தலையில..." என்று ஆரம்பித்தார். என் வாயிலிருந்து அதுவாக வந்தது.

"திருப்பதி, மாமி. வேண்டுதல்..."

"பெருமாளே! அதான் நேத்து முழுக்க உங்காத்துல பூட்டுத் தொங்கிண்டிருந்ததா? சொல்லவே இல்லையே நீ! சேவை நன்னா ஆச்சா?"

"ஆச்சு மாமி."

"ரொம்ப சந்தோஷம். பிரசாதம் எங்கே?"

இதை நான் யோசிக்கவே இல்லை! திருப்பதிக்குப் போய்விட்டு லட்டு இல்லாமல் திரும்பியவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? இன்னும் மூட்டையே பிரிக்கவில்லை, சாயங்காலம் நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி மாமியை அனுப்பினேன். மத்தியானத்துக்குள் எதிர் வீடு, கோடி வீடு, மாடி வீடு எல்லோரும் ஜன்னல் வழியாக மதினியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிரசாதம் விசாரித்துவிட்டார்கள்.

கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார் வீட்டுக்காரர். திருப்பதி லட்டுக்கும் கடை லட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் கைக்குழந்தைகள் மட்டும்தான். வேறு வழி? அந்த மாத ரேஷன் சர்க்கரை மொத்தத்தையும் எடுத்து, நெய்யை உருக்கி, நானே உட்கார்ந்தேன்.

நெய் வாடை மதினிக்கு ஆகாது. கூடத்துக் கட்டிலில், மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். பூந்தி பொரியும் சத்தம் கேட்டதோ இல்லையோ, அங்கிருந்தே குரல் வந்தது.

"ஏளா, பாகு பதம் பாத்தியா?"

"பாத்தேன் மதினி."

"நீ பாத்திருக்க மாட்ட. கம்பி விழுதா? பூந்தி ஆறுமுன்ன கொட்டு. கல்கண்டு எங்க? பச்சைக் கற்பூரம் ஒரு மொளகளவு போடு. அள்ளிப் போட்டுராத, பல்லு மருந்து மாதிரி ஆயிரும். இருபத்திரண்டு வருசமா ஒரு லட்டு பிடிக்கத் தெரியல..."

ஆஹா! எத்தனை வாரமாயிற்று இந்தக் குரலைக் கேட்டு! அவர் திட்டத் திட்ட எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நடுவில் இரண்டு தடவை பேசினைக் கொண்டுபோய்ப் பிடித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

தெரு முழுக்க லட்டு போயிற்று. வேதவல்லி மாமி கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு துணுக்கு வாயில் போட்டு, "மலை பிரசாதம்னா மலை பிரசாதம்தான். யாராலயும் இந்த மாதிரி பண்ண முடியாது" என்றார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

அதற்கப்புறம் மூன்றாவது ஊசி.

காய்ச்சல். வாய் முழுக்கப் புண். ஐஸ் வைத்தும் கேட்கவில்லை. தண்ணீர்கூட ஸ்பூனில்தான் இறங்கியது. பத்து நாள் மதினி பேசவில்லை. பேச முடியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் படுத்துக்கொண்டே பெருமாளின் கோபத்தை அளந்துகொண்டிருந்திருக்கிறார். பதினோராவது நாள் எழுந்தார், பெட்டியைத் திறந்தார்.

பெட்டிமேல் உட்கார்ந்து வாதாடினேன். "மதினி, பொய் சொன்னது நான். கோவம்னா பெருமாள் எனக்குத்தானே காய்ச்சல் குடுக்கணும்?"

"பாகுக்குப் பதம் சொன்னது யாரு? நான்லா?"

வாரம் தவறாமல் எழுதுகிறவள், ஆயிரம் பேருக்குப் புத்தி சொல்கிறவள், இந்த ஒருவரிடம் தோற்றுப்போனேன். கட்டி செய்யாததை என் லட்டு செய்துவிடும் போலிருந்தது.

"ஒரு மணி நேரம் குடுங்க மதினி. பொய்யை நானே போய் உடைச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

வேதவல்லி மாமி அரிவாள்மணையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, ஆபரேஷன், ஊசி, முடி, லட்டு. சொல்லி முடித்துவிட்டு, இனிமேல் பேப்பர் கேட்டுக்கூட மாமி நம் வீட்டுப் படி ஏறமாட்டார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

மாமி அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தார். "கேன்சரா?"

"ஆமாம் மாமி."

"அதைச் சொல்றதுக்கு என்ன வெக்கம்? வியாதிதானே, திருட்டா பண்ணிட்டா? அது இருக்கட்டும்... அந்த லட்டு நீ பண்ணதா?"

"ஆமாம்."

"உங்காத்து அடுப்புலயா?"

"கெரசின் ஸ்டவ்வுல மாமி..."

"அடிப்பாவி! அதைப் பெருமாள் படத்துக்கு முன்னாடி வெச்சு, பிச்சுப் பிச்சு நங்கநல்லூர்ல என் தங்கை வரைக்கும் குடுத்தனுப்பிச்சேனே! அதைச் சாப்ட்ட மறுநாளே மாப்பிள்ளைக்கு வேலை பெர்மனென்ட் ஆயிடுத்துன்னு அவ ஊரெல்லாம் சொல்லிண்டிருக்காளே! இப்போ அவகிட்ட நான் என்னத்தைச் சொல்லுவேன்?"

கொஞ்சம் யோசித்தார். "சொல்ல வேண்டாம். வேலைக்கு ஏதாவது ஆயிடப் போறது" என்று அவரே முடிவு செய்துகொண்டு எழுந்தார். கையில் வாழைத்தண்டு நாரோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"ஊருக்குப் போறேளாமே? எதுக்கு?"

"தப்பு பண்ணியாச்சு. தண்டனை குடுக்காரு. இனி எதுக்கு ஊசி?" என்றார் மதினி.

"மலைமேல அத்தனை கூட்டத்தைச் சமாளிச்சுண்டு நிக்கறார் அவர். மந்தைவெளில ஒரு லட்டுக்காக உங்க வாயில வந்து புண்ணைப் போடறதுதான் அவருக்கு வேலையா? புண் வரும்னு டாக்டர் முன்னாடியே சொன்னாளா இல்லையா?"

"சொன்னாவ..."

"அப்புறம் என்ன? மொட்டைன்னு பொய் சொன்னா, அதை நிஜமாக்கிடணும். வேண்டிண்டு, முடியைக் கொண்டுபோய்க் குடுத்துட்டா தீர்ந்துது."

மதினி தலையில் சுற்றியிருந்த துண்டை உருவினார். "எதைக் குடுக்க? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இதுல என்னத்தை எடுத்துக் குடுக்கச் சொல்லுதிய?"

மாமி பார்த்தார். "இல்லைதான்" என்று ஒப்புக்கொண்டார். "அப்போ வளர்த்துக் குடுங்கோ."

"அதுக்குத்தான் ஊசியை நிறுத்துதேன். நிறுத்தினா முடி வளருமாம்லா?"

"முடி வளரும். அதைக் கொண்டுபோய்க் குடுக்க நீங்க இருக்க வேண்டாமா?"

அந்த வார்த்தையை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. டாக்டரம்மாகூடச் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். நானும் என் கணவரும் ஒருவரிடம் ஒருவர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. மதினி மாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கம்," என்றார் கடைசியில். "காப்பி போடு. மாமிக்கும் சேத்துப் போடு. டிகாக்‌ஷனைத் திக்கா இறக்கு. எப்பவும் மாதிரி கழனித்தண்ணியைக் கொண்டாந்து நீட்டாத."

மாமி எங்கள் வீட்டில் பிரசாதம் தவிர எதையும் வாயில் வைத்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காபி குடித்தார். தூக்கிக் குடித்துவிட்டு, "கழனித்தண்ணிதான்" என்று மதினியோடு சேர்ந்துகொண்டார். எனக்கு வேண்டியதுதான்!

நான்காவது ஊசிக்கு டாக்ஸியில் மாமியும் வந்தார். திரும்பும்போது பேசினைப் பிடித்துக்கொண்டது அவர்தான். போகிற வழியெல்லாம் மதினிக்கும் அவருக்கும் சண்டை — பெருமாள் பெரியவரா, முருகன் பெரியவரா? மாமனும் மருமகனும்தானே என்று டிரைவர் சமாதானம் சொல்லப் போய், இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கன்னியம்மாளுக்கு அப்போது ஆறாவது, கடைசி ஊசி. போகும்போது ஐஸ் தூக்கை எங்களிடமே விட்டுவிட்டாள். அடுத்த ஊசிக்கு நாங்கள் போனபோது, செக்கப்புக்கு வந்தவள் வார்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "தடவிப் பாரு, முள்ளு முள்ளா கீது!" என்று மதினியின் முன்னால் குனிந்தாள். மதினி தடவிப் பார்த்தார். பட்டுப்புடவை நெருடிப் பார்க்கிற மாதிரி வெகு நேரம் தடவிப் பார்த்தார். ஐந்தாவது ஊசி மூன்றாவதைவிட மோசமாகத்தான் இருந்தது. பெட்டியை மட்டும் அவர் திறக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன். நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டு இனி யாராவது எனக்குக் கடிதம் எழுதினால் நீளமாகப் பதில் எழுதமாட்டேன். வாந்திக்குப் பாத்திரம் வாகாக இருக்கட்டும். வாய்க்கு ஐஸ் இருக்கட்டும். அவர் திட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். முக்கியமாக, ஊருக்குப் பயந்து பொய் சொல்லாதீர்கள். நான் யாருக்குப் பயந்தேனோ, அவர்தான் கடைசியில் வாழைத்தண்டு நாரோடு வந்து காப்பாற்றினார்.

ஆறாவது ஊசி போன வியாழக்கிழமை முடிந்தது!

டாக்டரம்மா காகிதங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார். "இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியா இருக்கு. இனி மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க. ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

கேட்க எனக்கு ஒன்று இருந்தது. இது மறுபடியும் வருமா? தொண்டைவரை வந்துவிட்டது. கேட்கப் பயமாக இருந்தது. மதினி முந்திக்கொண்டார்.

"முடி மாசத்துக்கு எவ்வளவு வளரும்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அரை அங்குலம் வளரும். கவலைப்படாதீங்கம்மா, ஒரு வருஷத்துல கழுத்துக்கு வந்துடும்."

"கழுத்து ஆகாது. முன்னே இடுப்புக்குக் கீழ இருந்துது. அதைக் குறைச்சுக் குடுத்தா முறையில்ல" என்றார் மதினி. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

டாக்ஸியில் திரும்பி வருகிறோம். பாலத்தின்மேல் நல்ல காற்று. மதினி துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார்.

"வருசத்துக்கு ஆறு அங்குலம். இடுப்புக்கு வர ஆறு வருசம் ஆகும்லா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்கப் பயந்த கேள்வியை மதினி டாக்டரிடம் கேட்கவே இல்லை. அதை நேராக மலைமேல் இருப்பவரிடம் கொண்டுபோய்விட்டார். அழவில்லை, கெஞ்சவில்லை. உமக்கு முடி வேண்டுமென்றால் எனக்கு ஆறு வருடம் கொடும் என்று பேசி முடித்துவிட்டார்!

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைத்துக்கொண்டு, "அவ்வளவு வருஷம் பெருமாள் காத்திருப்பாரா மதினி?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். எங்க போயிருவாரு? நுனி வெடிச்சிருந்தா அதையும் வெட்டிட்டு, மறுபடி வளத்துத்தான் குடுப்பேன்."

மதினியின் முடி சீக்கிரம் வளர வேண்டும் என்று வேதவல்லி மாமி தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறார். நான் யாருக்கும் தெரியாமல் வேறொன்று வேண்டிக்கொண்டிருக்கிறேன் — மெள்ளவே வளரட்டும், பெருமாளே.